ஓமகுண்டத்தில் விழுந்த வெள்ளை டீ

பாப்பா, தம்பி, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படியுங்கள். ஒருவர் படித்துவிட்டு மற்றவருக்கு வாயால் சொல்வது வேண்டாம். நவீன் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவான், கீர்த்தனா சொன்னால் நடக்காததையும் நடத்திவிடுவாள். எனக்கு எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. பிழை இருந்தால் சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்ளுங்கள், எனக்குச் சொல்ல வேண்டாம்.

போன வாரம் பாப்பா ஓசூரில் ஏதோ ஒரு பெரிய கடைக்குப் போய், ஒரு டப்பாவைப் படம் எடுத்து நம் வீட்டுக் குரூப்பில் போட்டாள். 'அப்பா, இதுல வொயிட் டீன்னு போட்ருக்கு. வெறும் பாலை டப்பால அடைச்சு விக்கறாங்களா?' என்று கேள்வி. அதற்குக் கீழே தம்பி, 'அவரப் போய் கேக்கற பாரு. அவரு தூள் டீ மாஸ்டரு' என்று எழுதி, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை ஒன்றையும் வைத்தான். அந்தப் பொம்மைக்குப் பதில்தான் இது. நான் ரிட்டயர் ஆனதும் ஃபேக்டரி கேன்டீனில் என் இடத்தில் பொத்தானை அமுக்கினால் டீ ஊற்றுகிற மெஷினை வைத்துவிட்டார்கள். அதில் அமுக்கிக் குடிக்கிற பசங்களே என்னைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், "மாஸ்டர், அந்த சீனாக்காரர் டீ கதையச் சொல்லிட்டுப் போங்க" என்று நிறுத்திவைக்கிறார்கள். ஊருக்கெல்லாம் சொன்னதை வீட்டில் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

நான் தொழில் பழகினது தொப்பூரில். மலை இறக்கத்துக்குக் கீழே, லாரிகள் நிற்கிற ஓட்டல் ஒன்றில் பஷீர் பாய், அடுப்பும் பலகையுமாக ஒரு டீ பட்டறை வைத்திருந்தார். இறக்கம் இறங்கி வந்த டிரைவருக்குக் கை லேசாக நடுங்கும். அவருக்கு டிகாஷன் தூக்கல். ஏறப் போகிறவருக்குச் சர்க்கரை தூக்கல். யார் இறங்கினவர், யார் ஏறுகிறவர் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும், கேட்கக் கூடாது. பாய் யாரையும் திட்டினதில்லை. டீ சரியில்லை என்றால் ஒரு வாய் குடித்து, மீதியைக் கொட்டி, கிளாஸை மேஜை மேல் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார். நன்றாக இருந்தால் காலி கிளாஸ் நிமிர்ந்தே இருக்கும். பாராட்டு அவ்வளவுதான். முதல் வருஷம் முழுக்கக் கவிழ்ந்த கிளாஸ்களைத்தான் கழுவினேன்.

மாரண்டஹள்ளி ரோட்டில் இருக்கிற மாங்கூழ் ஃபேக்டரியில் பாய்க்குக் கேன்டீன் கான்ட்ராக்ட் கிடைத்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நடுவில் இருக்கிற வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மாம்பழம் வந்தது, போனது. நீங்கள் இரண்டு பேரும் வளர்ந்தீர்கள். நான் டீ ஆற்றினேன்.

அப்புறம் ஒரு வருஷம் சீனாவில் இருந்து புது மெஷின் வந்தது. கூழைச் சூடாக்கி, காற்றுப் படாமல் பையில் அடைக்கிற மெஷின். அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட லின் என்று ஒரு இன்ஜினியர் வந்தார். வந்த இரண்டாவது நாளே எல்லோர் வாயிலும் லிங்கம் சார் ஆகிவிட்டார். அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். என் வயதுதான் இருக்கும். தலையில் முடி இல்லை, சிரித்தால் கண் இல்லை.

நான் கொடுத்த டீயை அவர் இரண்டு கையாலும் வாங்குவார், ஒரு மடக்கு குடிப்பார், தலையை ஆட்டுவார், அப்படியே தோட்டத்துப் பக்கம் நடப்பார். அங்கே செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிட்டுக் காலி கிளாஸோடு சிரித்துக்கொண்டே வருவார். ஒரு வாரம் கழித்துத்தான் பாய் இதைப் பார்த்தார். "ரத்தினம், அந்தச் செடி ஒரு வாரமாத் தூங்கிருக்காதுடா" என்றார்.

மறுநாள் லின் சார் தன் பையில் இருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துப் பட்டறை மேல் வைத்தார். சுடுதண்ணீர் என்று சைகை காட்டினார். நான் திறந்து பார்த்தேன். உள்ளே டீயே இல்லை. ஊசி மாதிரி மொட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளையாக முடி. மாங்கூழ் ஃபேக்டரியில் வெள்ளை முடி முளைத்த பொருள் எதுவானாலும் அதற்கு ஒரே பெயர்தான், பூஞ்சை. பழம் பொறுக்குகிற பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யே, இது கெட்டுப்போச்சுங்க மாஸ்டர், அந்தாளு பாவம், ஊர்ல இருந்து தூக்கிட்டு வந்திருக்காரு, சொல்லிடாதீங்க" என்றார்கள். எனக்கும் அவர் மனசு நோகக் கூடாது என்றுதான் இருந்தது. நல்ல வேலையாகச் செய்வோம் என்று என் டீத்துணியில் மொட்டுகளைப் போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றி, பூஞ்சை ஒரு துளிகூட இறங்காதபடி முறுக்கிப் பிழிந்து கொடுத்தேன்.

டீத்துணி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அது வெள்ளையாக இருந்ததை நானே பார்த்ததில்லை.

லின் சார் குடித்தார். தோட்டத்துப் பக்கம் போகவில்லை. போனை எடுத்து அதனிடம் என்னவோ சொன்னார். அந்தப் போன் அவர் பேச்சைத் தமிழாக்கிச் சொல்லும். ரேடியோவில் செய்தி வாசிக்கிற அம்மாவின் குரல். "மதிப்பிற்குரிய ஐயா, நான் துணியை அருந்தினேன். தேநீர் இன்னும் வரவில்லை" என்றது அது.

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. லின் சார் என்ன சிரிப்பு என்று தெரியாமலே எங்களோடு சேர்ந்து சிரித்தார். அன்றைக்குத்தான் எங்களுக்குள் பழக்கம் ஆரம்பித்தது.

அடுத்து வந்த நாட்களில் மெஷின் பாகம் எதற்காவது காத்திருக்கும்போதெல்லாம் அவர் கேன்டீனுக்கு வந்துவிடுவார். ஸ்டீல் மேஜை மேல் விரலைத் தண்ணீரில் தொட்டுப் படம் போடுவார். இது கடல், இது மலை, இது என் ஊர். ஃபூஜியான் என்று மாகாணம், ஃபூதிங் என்று ஊர். வெள்ளை டீ பிறந்தது அந்தப் பக்கம்தானாம். குளிர் முடிந்து செடி முதன்முதலில் கண் விழிக்கிறபோது, விரியாத மொட்டை மட்டும் கிள்ளுவார்கள். மேலே இருக்கிற வெள்ளை, பூஞ்சை இல்லை, சுணை. வெண்டைக்காய் மேல் இருக்கிறதே அது மாதிரி, ஆனால் பட்டு மாதிரி மெத்தென்று இருக்கும். அதை மூங்கில் தட்டில் பரப்பி வெயிலிலும் காற்றிலும் வாட விடுவார்கள். கடைசியில் லேசான சூட்டில் ஈரத்தை எடுப்பார்கள். வேலை முடிந்தது.

"அரைக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன். போன் அவரிடம் என்னவோ சொன்னது. அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "வறுக்கறது?" அதுவும் இல்லை. "சுருட்டறது?" அதுவும் இல்லை. நம் டீத்தூள் நசுங்கி, அரைபட்டு, கறுத்து வருவது. அடிபட்ட ஆள் மாதிரி, கொதிக்கிற தண்ணீரைப் பார்த்ததும் உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிடும். இந்த மொட்டு பிறந்ததில் இருந்து ஒரு அடி வாங்கினதில்லை. அதனிடம் சத்தம் போட்டால் கோபித்துக்கொள்ளும். கொதிக்கிற தண்ணீர் கூடாது, எண்பது டிகிரிக்கும் தொண்ணூறு டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று லின் சார் சொன்னார்.

எனக்கு டிகிரி தெரியாது. ஆற்றத் தெரியும். கொதித்த தண்ணீரை மக்கில் எடுத்து, கை நீளத்துக்குத் தூக்கி, கிளாஸுக்கும் மக்குக்குமாக இழுத்து இழுத்து ஆற்றினேன். லின் சார், கொரோனா நேரத்தில் நெற்றியில் பிடித்தார்களே, அந்த மாதிரி ஒரு துப்பாக்கியை மெஷின் பக்கத்தில் இருந்து எடுத்து வந்து தண்ணீரில் பிடித்தார். அதிகம் என்று விரலை மேலே காட்டினார். இன்னும் ஒரு இழுப்பு இழுத்தேன். துப்பாக்கியைப் பார்த்தார், சிரித்தார், கண் காணாமல் போனது. அதற்கப்புறம் தானும் ஆற்றிப் பார்க்கிறேன் என்று அடம் பிடித்து, ஒரே இழுப்பில் பாதியை மேனேஜர் சட்டை மேல் ஆற்றினார். மேனேஜர் துள்ளிய துள்ளலில், பொறுக்குகிற பெண்கள் மாம்பழத்தை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள்.

தண்ணீரிலும் ஒரு பாடம் இருந்தது. போர் தண்ணீரில் போட்டால் மொட்டு ஊமையாகிவிடும். ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில் ஒரு குடம் தனியாகப் பிடித்து மூடி வைப்பேன். அதில் போட்டுக் கிருஷ்ணப்பா ஒரு வெற்றிலை மடித்து வாயில் வைக்கிற நேரம் விட்டால் போதும். கிருஷ்ணப்பா எங்கள் பாய்லர் ஆபரேட்டர். எல்லை ஓரத்துக் கிராமம், வீட்டில் கன்னடம், வெளியே தமிழ், வாயில் எந்நேரமும் வெற்றிலை. டீ நிறம் கிட்டத்தட்ட இளநீர்தான், வைக்கோல் மஞ்சள் கொஞ்சம் கலந்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் சுணை மினுமினு என்று மிதக்கும். முதல் தடவை குடித்தபோது, "தண்ணிதான இது" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையில் இனித்தது. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்கும் பாருங்கள், அதே மாதிரி. அதே மொட்டில் மறுபடி மறுபடி தண்ணீர் ஊற்றலாம், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி இருக்கும். பாப்பா, அந்த டப்பாவை வாங்கினால் இப்படித்தான் போட வேண்டும். பாலைக் கொண்டுபோனால் நான் பேச மாட்டேன்.

இனி பஸ் ஸ்டாண்டில் நிறுத்திவைத்துக் கேட்கிற கதைக்கு வருகிறேன்.

லின் சாருக்கு ஒரே மகள். அவளுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. மெஷினின் ஒரு பாகம் துறைமுகத்தில் சிக்கிக்கொண்டது. மாம்பழம் தலைக்கு மேல் வரப் போகிறது. மெஷின் ஓடாமல் அவர் கிளம்ப வழியில்லை. போக முடியாது என்று தெரிந்த அன்றைக்கு அவர் கேன்டீனில் வந்து உட்கார்ந்தும் படம் போடவில்லை.

அவர்கள் வழக்கத்தில் கல்யாணத்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் முட்டி போட்டு, அப்பா அம்மாவுக்கு இரண்டு கையாலும் டீ கொடுக்க வேண்டும். அப்பா வாங்கிக் குடித்தால்தான் ஆசீர்வாதம் சேரும். அந்தப் பெண் பிறந்த வருஷம் லின் சாரும் அவர் மனைவியும் வெள்ளை டீ இலையை ஆவியில் காட்டி, தட்டு மாதிரி அழுத்தி, ஒரு வில்லை செய்து வைத்திருந்தார்களாம். மொட்டு கலக்காத பெரிய இலை. வருஷம் ஏற ஏற அது பழுத்து மருந்து மாதிரி ஆகும். அவர்கள் ஊரில் குழந்தைக்கு மணல்வாரி அம்மை போட்டால் பழைய வெள்ளை டீயைத்தான் காய்ச்சிக் கொடுப்பார்களாம், நாம் வேப்பிலையைத் தேடுகிற மாதிரி. இவள் கல்யாணத்தன்று குடிக்க என்றே அந்த வில்லை அத்தனை வருஷமாக அலமாரியில் இருந்தது. அவர் வர முடியாது என்றதும் அவர் மனைவி அதை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மறு பாதியை, சிக்கின பாகத்துக்குப் பதில் வேறு பாகத்தைச் சீனாவில் இருந்து கையோடு கொண்டுவந்த ஆளிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். அங்கே மகள் கிளாஸை நீட்டுகிற அதே நேரத்தில் இங்கே அப்பா குடிப்பார், போனில் பார்த்துக்கொள்வார்கள். அந்த டீயைப் போட்டுத் தர வேண்டிய ஆள் நான்.

பாதி நிலா மாதிரி, பழுப்பாக, இலையும் காம்புமாக இருந்தது. முகர்ந்து பார்க்கச் சொன்னார். "இலந்தை வடை" என்றேன். போனுக்கு அது என்னவென்று தெரியவில்லை. இலந்தைப் பழத்தை இடித்துத் தட்டின அந்த வடையை மதியமே பெட்டிக்கடையில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தின்றுபார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

கல்யாணத்துக்கு அவர்கள் குறித்த நாளும், புது மெஷினுக்காகப் பாய்லர் பூஜை போட நம் ஐயர் குறித்த நாளும் ஒன்றாகவே விழுந்தன. "லிங்கம் சார், உங்கூரு ஐயரும் எங்கூரு ஐயரும் ஒரே காலண்டர்தான் பாக்கறாங்க போல" என்றார் மேனேஜர். பூஜை விடிந்ததும். கல்யாண டீ அதற்குக் கொஞ்சம் பின்னால். சரியாக இருக்கும் என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

வில்லை வாசனையை உறிஞ்சிவிடும், அதனால் வாசனையே இல்லாத இடத்தில் வைக்க வேண்டும் என்றார் லின் சார். மாங்கூழ் ஃபேக்டரியில் வாசனை இல்லாத இடம். இரண்டு பேரும் தேடக் கிளம்பினோம். அவர் மூக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால், நான் வில்லையைத் தூக்கிக்கொண்டு பின்னால். கேன்டீனில் வெங்காயம், ஸ்டோரில் ஃபினாயில், ஆபீஸில் மேனேஜரின் சென்ட், பொறுக்குகிற ஹாலில் சொல்லவே வேண்டாம். அவர் முகர்கிறதைப் பார்த்து, ஏதோ கேஸ் கசிகிறது என்று நினைத்து இரண்டு பேர் வெளியே ஓடிவிட்டார்கள். கடைசியில் பாய்லர் ரூம் சுவரில், அடுப்புக்குத் தள்ளி, ஒரு மாடம். உலர்ந்த இடம், ஒரு வாசனையும் இல்லை. லின் சார் உள்ளே தலையை விட்டு முகர்ந்து, கட்டை விரலைத் தூக்கினார். வில்லையைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி அங்கே வைத்தோம். கிருஷ்ணப்பா அப்போது ஷிஃப்ட் முடிந்து போயிருந்தார்.

பூஜை அன்றைக்கு நான் குளித்துவிட்டு, ஒகேனக்கல் தண்ணீர்க் குடத்தைக் கேன்டீனில் இறக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பாய்லர் ரூம் வாசலில் செங்கல் வைத்து ஓமகுண்டம் கட்டி, ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். புகை காற்றோடு என் பக்கம் வந்தது. நெய் வாசனை, சமித்து வாசனை. அதற்கு நடுவில் இலந்தை வடை.

குடத்தை எப்படி வைத்தேன் என்று தெரியாது. பால் சட்டி இறக்குகிற இடுக்கியை எடுத்துக்கொண்டு ஓடினேன். வரட்டி அடுக்கின நெருப்புக்கு மேலே, எல்லாவற்றுக்கும் சிகரமாக, லின் சாரின் பாதி நிலா உட்கார்ந்திருந்தது. ஓரம் பற்றியிருந்தது. ஐயர் அதன் மேல் ஒரு கரண்டி நெய்யும் விட்டிருந்தார். மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டு நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் லின் சார், புதுச் சட்டை போட்டு, நெற்றியில் குங்குமத்தோடு, தன் மகள் கல்யாண டீக்குத் தானே கும்பிடு போட்டுக்கொண்டு நிற்கிறார். நெருப்பில் எரிவது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை.

நான் இடுக்கியை உள்ளே விட்டேன்.

"யோவ், என்னய்யா பண்ற, ஆகுதிய எடுக்கக் கூடாதுய்யா" என்று ஐயர் கரண்டியால் என் கையைத் தட்டினார்.

"சாமி, இது வரட்டி இல்லீங்க, டீங்க."

"டீயா?"

"கல்யாணத்து டீங்க சாமி, அவர் மகள் கல்யாணத்துக்கு."

கிருஷ்ணப்பா வாயைத் திறந்தார். வெற்றிலை உள்ளேயே நின்றுவிட்டது. "மாடத்துல இருந்துச்சே மாஸ்டரு. வூட்ல இருந்து கொண்டாந்த வரட்டி ஒண்ணு பத்தல. இது காகிதம் சுத்தி நீட்டா இருந்துச்சு. கன்னுக்குட்டி வரட்டி போலன்னு நினைச்சன், நாத்தமே இல்லியே."

நான் அதை வெளியே இழுத்துத் தரையில் போட்டுத் தோள் துண்டால் அமுக்கினேன். லின் சார் குனிந்து பார்த்தார். அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மந்திரம் நின்றுவிட்டது. அத்தனை வருஷம் அலமாரியில் மகளோடு வளர்ந்த டீ. எதன் வாசனையும் படக் கூடாது என்று ஃபேக்டரி பூராவும் முகர்ந்து தேடி வைத்த டீ. இப்போது அதில் நெய், கற்பூரம், புகை, என் துண்டு எல்லாம் இருந்தன. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் போனில் வந்துவிடுவாள். வேறு வில்லை கிடையாது.

லின் சார் அதைக் கையில் எடுத்தார். சூடு பொறுக்காமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். கருகின ஓரத்தை உடைத்தார். உள்ளே இறுக்கமாக, பழுப்பாக, பழைய மாதிரியே இருந்தது. அழுத்திச் செய்த வில்லை என்பதால் நெருப்பும் நெய்யும் ஓரத்தோடு நின்றுவிட்டன. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். நாங்கள் எல்லோரும் அவர் மூக்கையே பார்த்தோம். அவர் மெதுவாகப் போனை எடுத்துப் பேசினார். செய்தி வாசிக்கிற அம்மா சொன்னார்: "உங்களுடைய கடவுள் என் மகளின் தேநீரை முதலில் அருந்திவிட்டார். இப்பொழுது நமது முறை."

ஐயர் முகம் மலர்ந்துவிட்டது. "அக்னி அவர் பங்கை எடுத்துண்டார். மிச்சம் பிரசாதம். எடுத்துண்டு ஓடும்" என்றார். கிருஷ்ணப்பா லின் சார் காலில் விழப் போனார். லின் சாரும் பதிலுக்கு அவர் காலில் விழப் போய் இரண்டு பேர் தலையும் முட்டிக்கொண்டது.

கேன்டீனில் கத்தியால் ஓரத்தையெல்லாம் சுரண்டினேன். உள்ளங்கை அளவு மிஞ்சியது. தண்ணீர் கொதித்ததும் வழக்கப்படி ஆற்றுவதற்கு மக்கை எடுத்தேன். லின் சார் என் கையைப் பிடித்தார். மக்கைப் பிடுங்கி ஆணியில் மாட்டினார். அடுப்பைக் காட்டினார். போன் சொன்னது: "பழைய தேநீருக்குப் பயம் கிடையாது. தயவுசெய்து கொதிக்க வையுங்கள்."

எத்தனை நாளாக என்னிடம் கொதிக்க வைக்காதே, கொதிக்க வைக்காதே என்றவர். பாய் பின்னாலிருந்து, "கடைசில மனுஷன் உன் தொழிலுக்கே வந்துட்டான்டா ரத்தினம்" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் கை பரபரத்தது. இலையைப் போட்டு, தொப்பூரில் கொதிக்க விட்ட மாதிரி கொதிக்க விட்டேன். கருப்பட்டித் தண்ணீர் மாதிரி நிறம் இறங்கியது. கேன்டீன் பூராவும் இலந்தை வாசனை. நெய் வாசனையும் எங்கோ ஒரு மூலையில் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

போனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்தோம். பெண் வந்தாள். சிவப்பு உடுப்பு, தலையில் தங்கப் பூ. பக்கத்தில் மாப்பிள்ளை. இரண்டு பேரும் முட்டி போட்டார்கள். இந்தப் பக்கம் லின் சாருக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் பெஞ்சு மேல் ஏறி நின்று பார்க்கிறோம். அவள் அம்மாவுக்குக் கொடுத்தாள். அப்புறம் இன்னொரு கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து, அப்பா என்று அவர்கள் பாஷையில் கூப்பிட்டு, போனைப் பார்த்து நீட்டினாள்.

லின் சாரும் இரண்டு கையையும் நீட்டினார். நீட்டின கை போன் முன்னால் அப்படியே நின்றது. கிண்ணம் அந்தப் பக்கம், கை இந்தப் பக்கம். போனில் பேச்சு வரும், முகம் வரும், டீ வராது. நான் போட்டுவைத்த டீயை அவர் தானே எடுத்துக் குடித்திருக்கலாம். அவர் எடுக்கவில்லை. பிள்ளை கையில் இருந்து வாங்க வேண்டியதைத் தானே எப்படி எடுப்பது.

பாப்பா, நான் ஆயிரம் ஆயிரம் கிளாஸ் கொடுத்திருக்கிறேன். ஐந்து விரலால் விளிம்பைப் பிடித்து, பட்டறை மேல் டக்கென்று வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பேன். அன்றைக்குத்தான் ஒரு கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தேன். போனில் அந்தப் பெண் முட்டி போட்டிருந்ததால் நானும் அவருக்கு முன்னால், கேன்டீன் தரையில் முட்டி போட்டேன். முட்டி படார் என்றது, அது போனுக்கே கேட்டிருக்கும். கிளாஸை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். ஒரு சொட்டு விடவில்லை.

அந்தப் பெண் அழுதாள், அழுதுகொண்டே எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். கிருஷ்ணப்பா விசில் அடித்தார். வெற்றிலை பறந்தது. ஐயர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை, மஞ்சள் அரிசியை எடுத்துப் போன் மேல் போட்டார். மேனேஜர் அது ஸ்பீக்கருக்குள் போய்விடும் என்று தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். டீ கொடுத்தவருக்கு அப்பா ஏதாவது பரிசு கொடுக்க வேண்டுமாம். லின் சார் எல்லாப் பாக்கெட்டிலும் கையை விட்டுப் பார்த்தார். ஒரு சின்ன ஸ்பேனர்தான் இருந்தது. அதை இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். நம் வீட்டுச் சாமி அலமாரியில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஏன் ஸ்பேனர் இருக்கிறது என்று கேட்பீர்களே, இதுதான்.

எல்லோரும் மெஷினை ஓட்டிப் பார்க்கப் போய்விட்டார்கள். தூரத்தில் அது உறுமுகிற சத்தம் கேட்டது. நான் மட்டும் கேன்டீனில் இருந்தேன். சட்டியில் இலை மிச்சம் இருந்தது. பழைய டீயை மறுபடியும் காய்ச்சலாம் என்று லின் சார் சொல்லியிருந்தார். தண்ணீர் விட்டு இன்னொரு கொதி வைத்தேன். ஒரு கிளாஸில் ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்துப் பட்டறை மேல் வைத்தேன். பட்டறையைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் வந்தேன். ஆட்கள் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்தேன். என் அடுப்பும், ஆணியில் மாட்டின மக்கும் அந்தப் பக்கத்தில் இருந்து பார்க்க வேறு யாருடையதோ மாதிரி இருந்தன. கிளாஸை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். ஆற்றாமல், ஊதாமல், மெதுவாகக் குடித்தேன். தொண்டையில் இனிப்பு வரும்வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் காலி கிளாஸைப் பட்டறை மேல் நிமிர்த்தி வைத்தேன்.